அடைப்புக்குறிக்குள் மூன்று ராஜாக்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். திண்டிவனத்தில் என் கணினியைப் பழுது பார்க்கும் ஹமீத், ஒரு நாள் காலையில் என் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, அதிலிருந்து மிக்சர் துகள்களை உதிர்த்துக்கொண்டே சொன்னது இது.

"சார், பிராட்பேண்ட் ஓடிக்கினு இருக்கற டெலிபோன் லைன்ல, பழைய டயல்-அப் மோடத்த போட்டா வேலை செய்யுமா, செய்யாதா? சொல்லுங்க பாக்கலாம்."

தெரியாது என்றேன். தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை என்பதை முகத்தில் காட்டினேன்.

"செய்யும். நான் செஞ்சேன்."

"எதுக்குய்யா? அதான் நல்ல வேகமான நெட்டு அதே கம்பியில வருதே."

"ஒரு டீச்சரம்மா இருவது வருஷமா கோவமா இருந்தாங்க சார். அதுக்குத்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முழுவதும் சொல்லி முடித்த பிறகு, "இத கதையா கிதையா எழுதிடாதீங்க சார்" என்றார். எழுத்தாளனிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். மறுவாரம் வந்து, "எங்க, எவ்ளோ எழுதிக்கிறீங்க?" என்று கேட்டார்.

2

முதல் தொடக்கம்: "டிசம்பர் மாதத்து இளங்குளிர் விழுப்புரத்தின் மேல் மெல்லப் படர்ந்து —"

நிறுத்திவிட்டேன். விழுப்புரத்தில் எதுவும் மெல்லப் படர்ந்து நான் பார்த்ததில்லை. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு யாரும் அப்படி நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "கீய்ய்ங். கர்ர்ர்ர். டொய்ங், டொய்ங். கர்ர்ர்ர் —"

டயல்-அப் மோடம் இணையும்போது போடும் சத்தம். எழுத்தில் சரியாக வருகிறதா என்று நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "மிக்ஸியில இன்னா மாட்டிக்கிச்சு?" என்று கேட்டாள். அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம், நேராக ஆளிடம் போய் நிற்பது. இதுதான் தேறியது.

அக்னஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. விழுப்புரத்தில் முப்பது வருடம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். அந்த ஊர் அலுவலகங்களில் இன்றைக்குத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர்களில் கணிசமான பேர் அவரிடம் ஸ்கேலால் விரலில் அடி வாங்கியவர்கள். கீபோர்டைப் பார்த்துத் தட்டினால் அடி. பார்க்காமல் தப்பாகத் தட்டினால் அடி இல்லை, மறுபடியும் தட்டச் சொல்வார். அவருடைய அண்ணன் அமலதாஸுக்கு அறுபது வயது. திண்டிவனத்தில் எலக்ட்ரிக்கல் கடை. ஒயர் என்று எது இருந்தாலும் அது தனக்குத் தெரிந்த ஒயர் என்று நினைப்பவர்.

இருவரும் பிறந்தது கோலியனூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

நோட்டீஸ் என்றேனே, சிக்கலே அதில்தான்.

3

அந்த ஊர்க் கோயிலில் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளை விட்டுக்கொடுக்காமல் கொண்டாடுவார்கள். பாலன் இயேசுவைப் பார்க்க நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த மூன்று ராஜாக்களுக்கு அன்றைக்கு ஒரு நாடகம் உண்டு. இரண்டாயிரமாவது ஆண்டு யூபிலி விழாவுக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்று அப்போதைய பங்குச்சாமியார் அமலதாஸிடம் சொன்னார். அமலதாஸ் ஞாயிற்றுக்கிழமைதோறும் விழுப்புரத்துக்கு வந்து, தங்கை வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே வசனம் சொன்னார். அக்னஸ் அப்போதுதான் வாங்கியிருந்த கணினியில் தட்டினார். அப்படிப் பிறந்த நாடகம் 'விழுப்புரம் ஜங்ஷனில் மூன்று ராஜாக்கள்'. கிழக்கேயிருந்து ரயிலேறி வரும் ராஜாக்கள் பெத்லகேம் வண்டிக்கு மாறுவதற்காக ஜங்ஷனில் இறங்கி, எந்த பிளாட்பாரம் என்று தெரியாமல் நான்கு காட்சிகள் அல்லாடுவார்கள்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு பெரியவர்களை நாற்காலியோடு சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது என்றார் ஹமீத். (ஹமீத் அங்கே இல்லை. அவர் கோட்டக்குப்பத்துக்காரர். ஆனாலும் நாற்காலியை நான் எடுக்கப் போவதில்லை.)

நோட்டீஸில் இப்படி இருந்தது.

நாடக ஆக்கம்: திரு. அமலதாஸ்
தட்டச்சு: திருமதி அக்னஸ்

அந்த இரண்டாவது வரியில்தான் அக்னஸுக்குக் கோபம். சண்டை போடவில்லை. அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவார், வருவார், பந்தியில் பரிமாறுவார். ஆனால் அண்ணன் அந்த நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். அமலதாஸோ அதைப் பேசாத கல்யாணமே கிடையாது.

இப்போது, 2019 டிசம்பரில், புதுச் சாமியார் ஒருவர் அந்த நாடகத்தின் புகழைக் கேள்விப்பட்டு, "திரும்பப் போடலாம்" என்றார். எழுதியவர் பெயர் என்ன போடுவது என்று இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார்.

"நான்" என்றார் அமலதாஸ்.

"நான்" என்றார் அக்னஸ், இருபது வருடத்தில் முதல் முறையாக.

"வெள்ளிக்கெழமைக்குள்ள பேசி ஒரு முடிவு சொல்லுங்க. இல்லன்னா பேரே இல்லாம அடிச்சிடுவேன்" என்றார் சாமியார். மூன்று ராஜாக்களை விட இவருக்குத்தான் வழி தெரிந்திருக்கிறது.

4

நாடகத்தின் காகிதப் பிரதி எங்கும் இல்லை. முதலிலும் முழுப் பிரதி என்று ஒன்று இருந்ததில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் அது: நடிக்கிறவனுக்கு அவன் பாடத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அக்னஸ்தான் எல்லாருக்கும் கையால் எழுதிக் கொடுத்தார். முழு நாடகத்தை ஒரே ஒரு முறை அண்ணனுக்கும் நடிகர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். எழுத்தாக முழு நாடகமும் இருந்தது அந்தக் கணினியில் மட்டும்தான். விழுப்புரத்து வீட்டின் பின்னறையில், போர்வை போர்த்தி, அது இன்னும் இருந்தது.

"அதுல இருக்கு. பாத்துக்கலாம் யாரு எழுதினதுன்னு" என்றார் அக்னஸ் போனில்.

"நீ இப்ப குந்தி புதுசா டைப் பண்ணிட்டு, இதான் பழசுன்னு சொல்லுவ. அந்த மிஷின்லருந்து நேரா எங்கிட்ட வரணும். நடுவுல யார் கையும் படக் கூடாது" என்றார் அமலதாஸ்.

"வரும்" என்றார் அக்னஸ்.

எப்படி வரும் என்பது ஹமீத்தின் தலையில் விழுந்தது. அவர் விழுப்புரம் போய்ப் போர்வையை விலக்கிக் கணினியை உயிர்ப்பித்தார். ஹார்ட் டிஸ்க் டொக் டொக் என்றது. பிளாப்பி துருப்பிடித்திருந்தது. பென் டிரைவ் என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அதற்குத் தெரியவில்லை. "டீச்சர், இத ஆஃப் பண்ணிடாதீங்க. இன்னொரு தபா எழுந்திருக்காது" என்றார். டிஸ்க்கைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. வெளியே போக அதற்கு இருந்தது ஒரே வழி, முதுகில் இருந்த டயல்-அப் மோடம். டயல்-அப் இணைய சேவையெல்லாம் மூடியாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து மோடம் இன்னொரு மோடத்துக்கு நேராகப் போன் போட்டுப் பேசும். விழுப்புரத்துக் கணினி திண்டிவனத்துக்குப் போன் போட வேண்டும், அவ்வளவுதான்.

* "செல்போனில் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கலாமே" என்று ஒரு வாசகர் கை தூக்குகிறார். தூக்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். படத்தில் இருப்பதைப் புதிதாகத் தட்டியதாக அமலதாஸ் சொல்லமாட்டாரா என்பது ஒரு பதில். மானிட்டர் மிகவும் மங்கல் என்பது இன்னொரு பதில். உண்மையில் மானிட்டரை மங்கலாக்கியது நான். இல்லையென்றால் கதை இந்தப் பகுதியோடு முடிந்துவிடும். உங்களுக்கும் வேறு வேலை இருக்காது.

5

ஹமீத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவர் மிகவும் நல்லவராக இருந்தார். யார் கூப்பிட்டாலும் வந்தார், எல்லாமே தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட கணினி மெக்கானிக்கை நான் நேரில் கண்டதில்லை. வாசகர்களும் கண்டிருக்க மாட்டார்கள். எனவே உண்மையைச் சேர்க்கிறேன்: ஹமீத் "பத்து நிமிஷம், ஜல்தி வர்றேன்" என்று சொன்னால் அது மறுநாள் மதியம். அவர் கதையில் வரும் இடங்களில் எல்லாம் அரை நாளைக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

அரை நாள் கழித்து, அதாவது புதன்கிழமை காலை, விழுப்புரத்தில் முதல் முயற்சி நடந்தது. பின்னறைச் சுவரில் ஒரு பழைய டெலிபோன் சாக்கெட் இருந்தது. முன்னறைக்குப் போகும் அதே இணைப்பு. ஹமீத் அதில் மோடத்தின் ஒயரைச் சொருகினார். மோடம் எண்களைச் சுழற்றியது. கீய்ய்ங் என்றது.

முன்னறையிலிருந்து ஜெர்லின் ஓடி வந்தாள். ஜெர்லின் அக்னஸின் மகள். புதுச்சேரியில் ஒரு நிறுவனத்து வேலைக்கு வீடியோவில் நேர்காணல் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே நல்ல சட்டை, கீழே நைட்டி.

"அம்மா, நெட்டு போச்சு. உங்க பலவீனம் இன்னான்னு கேட்டாங்க. வாய தெறந்தேன், கட்டாயிடுச்சு."

"கேட்ட கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு" என்றார் அக்னஸ்.

(வேலை கிடைத்துவிட்டது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலையை யாரும் கடைசி வரை தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.)

திண்டிவனத்திலும் இதே கதைதான். அமலதாஸ் கடையிலும் பிராட்பேண்ட் உண்டு. அவர் ஹமீத்துக்குக் காத்திராமல், ஹமீத் கொடுத்துவிட்டுப் போயிருந்த வெளி மோடத்தை எடுத்து, டெலிபோன் ஒயரை நடுவில் சீவி, முறுக்கி, டேப் சுற்றித் தானே இணைத்திருந்தார். இரண்டு பக்கமும் ஒரே இரைச்சல். மோடங்கள் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டன.

ஹமீத் எனக்கு விளக்கியது இது. கம்பி ஒன்றுதான். மனிதர்கள் பேசுவது கீழ்ச்சுருதியில் போகிறது. பிராட்பேண்ட் மேல்சுருதியில், காதுக்கு எட்டாத இடத்தில் போகிறது. டயல்-அப் மோடம் மனிதர்களைப் போலக் கீழ்ச்சுருதியில் கத்துகிற பிராணி. இரண்டையும் பிரித்துவிட ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. ஒரு பக்கம் கம்பி உள்ளே போகும், மறுபக்கம் இரண்டு துளை. டெலிபோனுக்கான துளையில் டயல்-அப்பைச் சொருகிவிட்டால், ஒரே கம்பியில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று போவது மற்றதுக்குத் தெரியவே தெரியாது.

அந்த அண்ணன் தங்கையும் அப்படித்தான், ஒரே கம்பியில் இருபது வருடமாக —

இல்லை. அடித்துவிட்டேன். அழகாக வந்ததால் அடித்துவிட்டேன்.

6

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் இரண்டு இடத்திலும் டப்பா வந்துவிட்டது. அமலதாஸ் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினூண்டு டப்பா இன்னா பண்ணிடப்போவுது பாய்?"

"உங்க டேப்ப விட நல்லா பண்ணும்ணே" என்றார் ஹமீத். அவர் திண்டிவனத்தில் தன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்தில் ஜெர்லின். ஹார்ட் டிஸ்க் சூடாகாமல் இருக்க அவள் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். டெலிபோன் லைன் மோடங்களுக்கு. ஆட்கள் பேசிக்கொள்வதற்குச் செல்போன், ஸ்பீக்கரில்.

கீய்ய்ங். கர்ர்ர்ர். டொய்ங், டொய்ங். பிறகு அமைதி. இணைந்துவிட்டது. முன்னறையில் ஜெர்லின் ஓடவிட்டிருந்த வீடியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹமீத் இந்த இடத்தைச் சொல்லும்போது என் கீபோர்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

இருபது வருடம் உறங்கிய கோப்பு, பதினோரு நிமிடத்தில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் வந்திருந்தால் அதே நேரத்தில் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது. ஹமீத் திறந்தார். அமலதாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

fhl;rp 1

அதற்குக் கீழேயும் பக்கம் பக்கமாக இதே போல.

"இன்னா பாய் இது, சீனாக்காரன் பாஷையா?"

ஹமீத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "லைன்ல நாய்ஸ் சார், அதான் எழுத்து கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். ஸ்ப்ளிட்டரைக் கழற்றித் துடைத்துச் சொருகினார். மறுபடி அனுப்பினார்கள். அதே fhl;rp. மூன்றாம் முறை வேகத்தைக் குறைத்து அனுப்பினார்கள். அதே.

"அக்னஸு, உன் லைனு சரியில்ல" என்றார் அமலதாஸ் செல்போனில்.

"என் லைனு நல்லா இருக்கு. உன் கடையில நீ சீவி வெச்ச ஒயருதான் கோளாறு."

"நான் முப்பத்தஞ்சு வருஷமா ஒயரு சீவறேன்."

"நான் முப்பது வருஷமா டைப் அடிக்கறேன். அதனாலதான தட்டச்சு அக்னஸுன்னு போட்ட?"

கடையில் ஸ்விட்ச் வாங்க வந்து நின்றவர் ஸ்விட்ச் வாங்காமலே போய்விட்டார். ஹமீத் சொன்னார்: "பேஜாராப் போச்சு சார். இருவது வருஷத்துக்கும் சேத்து வந்துச்சு. டீச்சர் அழுவறாங்களா, திட்டறாங்களான்னு தெரியல."

நான் சங்கடப்பட்டு இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன், உறவுகளைப் பற்றி. அதைப் படிக்க உங்களுக்குத் தலையெழுத்தா என்று எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அமலதாஸ், பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "எல்லாம் கெட்டுப் போச்சு. பிராக்கெட் மட்டும் ஒழுங்கா வந்துக்குது. நெறைய பிராக்கெட்டு" என்றார்.

மறுமுனையில் மேசைப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அக்னஸ், முற்றிலும் வேறு குரலில், "மொத வரி இன்னா இருக்கு? எழுத்தெழுத்தா சொல்லு" என்றார்.

7

இனி வருவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்து ஒன்றும் புதிதாகக் கிடைக்கவில்லை. ஹமீத் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எஃப்பு" என்றார் அமலதாஸ். "ஹெச்சு. எல்லு. அப்பறம் ஒரு புள்ளி, அதுக்குக் கீழ கமா."

"செமிகோலன். ம்."

"ஆரு. பி."

விழுப்புரத்தில் அக்னஸின் முன்னால் கீபோர்டு இல்லை. சாப்பாட்டு மேசைதான். ஜெர்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் விரல்கள் வெறும் மேசை மேல் வரிசையாக உட்கார்ந்தன. அண்ணன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக இறங்கியது. இடது சுட்டுவிரல். வலது சுட்டுவிரல் இடப்பக்கம் நகர்ந்து ஒரு தட்டு. வலது மோதிரவிரல். சின்னவிரல்.

"காட்சி" என்றார் அக்னஸ்.

"இன்னா?"

"காட்சின்னு இருக்கு அண்ணா. உன் லைனும் கெடல, என் லைனும் கெடல. அது பழைய தமிழ் ஃபான்ட்டு. தட்டச்சு மிஷின்ல எந்த எடத்துல எந்த எழுத்தோ அதே மாதிரி. உங்கிட்ட அந்த ஃபான்ட்டு இல்ல, அதான் இங்கிலீஷா காட்டுது. படி, நான் சொல்றேன்."

(இந்தத் தவறைத் தமிழர்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு அழகாகச் செய்திருக்க முடியாது. என்னிடமும் அப்படி ஒரு நாவல் இருக்கிறது. பெட்டியில் வைத்திருக்கிறேன். புரியாமல் இருப்பதால் அது நன்றாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.)

ஹமீத் உடனே பிராட்பேண்டில் அந்த ஃபான்ட்டைத் தேட ஆரம்பித்தார். அமலதாஸ் நிறுத்தவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனார். தங்கை விரல்களால் அதைத் தமிழாக்கிக்கொண்டே வந்தார். ராஜா, வருகிறார். பெட்டி. ஜங்ஷன். இருபது வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது போலவே, அண்ணன் சொல்ல, தங்கை தட்ட. நடக்கிற கூடம்தான் இல்லை. ஆனால் அமலதாஸ் செல்போனோடு எழுந்து கடைக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டார் என்றும், ஒயர் சுருள்கள் தடுக்கின என்றும், திரையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தார் என்றும் ஹமீத் சொன்னார். நடக்காமல் அவருக்கு வசனம் வராது போலிருக்கிறது.

"கெடச்சிடுச்சுண்ணே" என்றார் ஹமீத். ஒரு விசையைத் தட்டினார். பக்கம் முழுவதும் ஒரே நொடியில் தமிழாகிவிட்டது.

8

எல்லாவற்றுக்கும் மேலே, காட்சி ஒன்று தொடங்குவதற்கு முன், தலைப்பிலிருந்து படித்த அமலதாஸ் கவனிக்காமல் தாண்டிவிட்ட இரண்டு வரி பொடி எழுத்தில் இருந்தது.

(அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் சேர்த்தது. அண்ணன் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.)

அமலதாஸ் இதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவருக்கு வாசித்துத்தான் காட்டினார்கள். வாசிக்கும்போது அடைப்புக்குறி காதில் விழாது. நடிகர்களுக்குப் பாடம் எழுதிக் கொடுக்கும்போது அக்னஸ் அடைப்புக்குறி போடவில்லை. காது கேட்டதையெல்லாம் தன் வாய் சொன்னதாகவே அந்த மனிதர் இருபது வருடம் மனதார நம்பியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. அதுதான் பாவமாக இருக்கிறது.

முதல் காட்சியில் ஆறு அடைப்புக்குறிகள். மூன்று ராஜாக்கள், ரயில், நட்சத்திரம், எல்லாம் அமலதாஸுடையவை. நடுநடுவே ஒரு சொல், ஒரு வரி மட்டும் அடைப்புக்குறிக்குள். இரண்டாம் காட்சியில் பதினைந்துக்கு மேல். அமலதாஸ் விரலை வைத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். அவர் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லும் இடம் அது.

இரண்டாம் ராஜா: பெத்லகேமுக்கு எந்த பிளாட்பாரம் ஐயா?
(போர்ட்டர்: நீங்க எங்க போறதா இருந்தாலும் விழுப்புரத்துல மாறித்தான் சாமி போவணும். அந்த நட்சத்திரமே இங்க எறங்கி மாறித்தான் போச்சு.)

அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுவும் அவளுதா?" என்று ஹமீத்தைக் கேட்டார். ஹமீத் திரையைப் பார்த்தார்.

மூன்றாம் காட்சியில் எது உள்ளே, எது வெளியே என்று பார்த்தால் உள்ளேதான் அதிகம். நான்காம் காட்சியின் இரண்டாவது வரியில் ஓர் அடைப்புக்குறி திறந்தது. அமலதாஸ் கீழே, கீழே, கடைசி வரை போனார். அது மூடவே இல்லை. அங்கே அமலதாஸ் சொன்ன வசனம் ஒன்றும் இல்லாததால் மூட வேண்டிய இடமே அக்னஸுக்கு வரவில்லை. நாடகத்தின் முடிவு முழுவதும் அந்தத் திறந்த அடைப்புக்குறிக்குள் கிடந்தது.

"எத்தினி கல்யாணத்துல சொல்லிக்கிறேன் தெரியுமா பாய்" என்றார். "அவ எதிர்ல குந்தினு இருப்பா. நான் எல்லாரையும் சிரிக்க வெச்சிக்கினு இருப்பேன். எழுந்து போவா. தலைவலின்னு நெனச்சிக்குவேன்."

9

முடிவுகள்.

முதல் முடிவு: அமலதாஸ் அடுத்த பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் போகிறார், தங்கை கையைப் பிடித்துக்கொண்டு — நடக்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி. அன்று கடையில் வேறு ஆள் இல்லை.

இரண்டாவது முடிவு: ஹார்ட் டிஸ்க் அந்த நிமிடத்தில் நின்றுவிடுகிறது, பாரம் இறக்கிய மாதிரி. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் அது நிற்கவில்லை. இன்றைக்கும் டொக் டொக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறார் ஹமீத். ஆஃப் பண்ண யாருக்கும் மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். மோடங்கள் லைனை விட்டுவிட்டிருந்தன. அமலதாஸ் கடை டெலிபோனை எடுத்து, செல்போனில் இல்லை, அந்த டெலிபோனிலேயே விழுப்புரத்து எண்ணைச் சுழற்றினார். அக்னஸ் எடுத்தார்.

"அக்னஸு."

"சொல்லுண்ணா."

"அந்த பிராக்கெட்ட எல்லாம் எடுத்துடும்மா."

"எதுக்கு?"

"பிராக்கெட்டுக்குள்ள இருந்தா நடிக்கறவன் சொல்லாம உட்ருவான்." ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

"நீயா தெரிஞ்சிக்கணும்னு இருந்தேன்."

"இருவது வருஷமா?"

"நீ அன்னிக்கே அந்த மிஷின்ல ஒரு தடவ பாத்துருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்."

"சரி. சாமியாருக்கு நாளைக்கு நீயே போன் பண்ணு. எழுதினது அக்னஸுன்னு சொல்லு. கீழ தட்டச்சு அமலதாஸுன்னு போடச் சொல்லு. இன்னிக்கு எழுத்தெழுத்தா நான்தான சொன்னேன்."

அக்னஸ் சிரித்தார். ஜெர்லின் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாளாம். அம்மா டெலிபோனில் சிரித்து அவள் பார்த்ததில்லையாம். சிரிப்பு அடங்கி, "மூணு ராஜாவும் ரயிலும் உன்னுது அண்ணா" என்றார்.

"நட்சத்திரம் உன்னுது."

"நட்சத்திரமும் உன்னுது. அது வண்டி மாறினதுதான் என்னுது."

அன்றைக்கு இவ்வளவுதான் பேசினார்கள் என்று முடித்தால் தப்பு. ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த நேரம் முழுக்க ஜெர்லினின் நெட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஹமீத் அதையும் சொல்லச் சொன்னார்.

10

எனக்குத் தெரிந்தது இங்கே முடிகிறது.

வெள்ளிக்கிழமை காலை அக்னஸ் பின்னறைக்குப் போய் உட்கார்ந்ததை ஜெர்லின் பார்த்திருக்கிறாள். மங்கலான திரையில் முதல் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. திண்டிவனத்துக்கு வந்த பிரதியை அமலதாஸ் அன்றே அழிக்கச் சொல்லிவிட்டதால், இங்கே அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டால் இனி எந்த வரி யாருடையது என்று யாராலும், அக்னஸாலும்கூட, பிரிக்க முடியாது. விட்டுவைத்தால் காலத்துக்கும் தெரியும். அழிக்கும் விசைமேல் அவருடைய வலது சின்னவிரல் இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த விரல், அவர் பார்க்கவே பார்க்காமல் தட்டிய விரல். அன்றைக்கு அக்னஸ் அந்த விரலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெர்லினுக்கு வேலைக்கான கடிதம் வந்து அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நேற்று ஹமீத் வந்தார். (பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று முந்தாநாள் சொன்னவர்.) அச்சடித்த நோட்டீஸை நான்காக மடித்து என் மேசையில் வைத்தார். "பாருங்க சார், யார் பேரு போட்டுக்கீதுன்னு" என்றார். கதையை முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றேன். மடிப்பின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் தெரிகிறது. அதை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் அதைத்தான் எழுதுவேன், நீங்களும் அதைத்தான் நம்புவீர்கள்.

அதனால் நோட்டீஸை உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன். இரண்டு பேரையும் உங்களுக்கு இப்போது தெரியும். ஓர் அடைப்புக்குறியை நான் திறந்து வைக்கிறேன். உள்ளே யார் பெயர், அதை மூட வேண்டுமா, கூடாதா என்பதெல்லாம் உங்கள் பாடு.

நாடக ஆக்கம்: (